தாத்தாவின் நீள நோட்டை அச்சிடலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர் எங்கள் ஊர். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். என் தாத்தா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து 1999-இல் ஓய்வு பெற்றவர். அதன் பிறகு ஊருக்காகவே ஓடினார். யாருக்கு ரத்தம் தேவைப்பட்டாலும் அவருக்குத்தான் போன் வரும். துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளுக்காக மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் இரவு தங்குவார். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருவார். சுனாமி, தானே புயல், 2015 வெள்ளம் எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். சென்ற ஆண்டு 84 வயதில் காலமானார்.

முதலாம் ஆண்டு நினைவு நாளில் மலர் ஒன்று வெளியிட வேண்டும் என்று சித்தப்பா விரும்புகிறார். 'சேவைச் செம்மல்' என்று தலைப்பும் வைத்துவிட்டார். எழுதும் பொறுப்பு என் தலையில். உட்கார்ந்தால் 'மாமனிதர்', 'தன்னலமற்றவர்' என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு, எங்களுக்கு யாரென்றே தெரியாத பலர் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். தாத்தாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. யாருக்கு என்ன உதவி, எவ்வளவு பணம் என்று பெயரோடு குறித்திருக்கிறார். அதைப் படமெடுத்து அப்படியே போடலாம் என்கிறார் சித்தப்பா.

அப்பாவோ இதில் கலந்துகொள்ளவே மறுக்கிறார். 2015 தீபாவளிக்கு முந்தைய நாள் எங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. பண்ருட்டிப் பக்கம் மீட்பு வேலைக்குப் போயிருந்த தாத்தா மூன்றாம் நாள்தான் திரும்பினார். "ஊருக்கெல்லாம் இருந்தார், எங்களுக்கு இல்லை" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். இதையெல்லாம் எழுதலாமா? தாத்தாவின் போன் இன்னும் அடிக்கிறது. ஆயா எடுத்து "அவர் இல்லை" என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

– ஒரு பேத்தி, கடலூர்

பதில்: மலர் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் அந்தப் போனைக் கவனியுங்கள். ரத்தம் கேட்டுப் பதறிக்கொண்டு அழைப்பவருக்கு ஒவ்வொரு முறையும் "அவர் இல்லை" என்று சொல்லும் வேலையை ஆயாவிடம் விட்டுவைத்திருப்பது சரியில்லை. அரசு மருத்துவமனை ரத்த வங்கியின் எண்ணையும் 104 மருத்துவ உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அழைப்பவருக்கு அதைச் சொன்னால் போதும்.

தாத்தா வைத்திருந்த கொடையாளர் பட்டியலை யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நம் நாட்டில் ரத்தம் கொடுப்பதற்கான மேல் வயது வரம்பு 65. அவர் 2000 வாக்கில் சேர்த்த ஆட்களில் பலர் அதைத் தாண்டியிருப்பார்கள். மற்றவர்கள் அவர் முகத்துக்காக எண்ணைக் கொடுத்தவர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே வேறு கைக்கு மாற்றலாம். ரீசார்ஜ் செய்வதையும் நிறுத்த வேண்டாம், விட்டால் அந்த எண் யாருக்கோ போய்விடும். போனில் பெயர்களை அவர் சேமித்து வைத்திருக்கும் விதத்தை ஒரு தாளில் அப்படியே எழுதி வையுங்கள். "பி நெகட்டிவ் மீன் மார்க்கெட்", "ஆம்புலன்ஸ் தம்பி நல்லவன்" என்கிற மாதிரிப் பதிவுகள் இப்படிப்பட்டவர்களின் போனில் இருக்கும். மலருக்கு நீங்கள் தேடும் முதல் பக்கம் அங்கேயே கிடைக்கக்கூடும்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்து மனிதர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயால் கேட்டுப் பதிவு செய்வது என் தொழில். அதனால் நினைவு மலர்கள் நிறையக் கைக்கு வரும். பெரும்பாலானவற்றில் பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டால் எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தும். உங்களுக்கு எழுத வராததற்கு எழுத்துத் திறமை காரணம் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் பார்த்தது வேலை முடிந்து வீடு திரும்பிய தாத்தாவை. வெளியே அவர் செய்ததைப் பார்த்தவர்கள் வேறு வீடுகளில் இருக்கிறார்கள். காரியத்தன்று வந்து அழுதார்களே, அவர்கள்தான் அந்த மலரை எழுத வேண்டியவர்கள். நீங்கள் தொகுப்பவர்.

அவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. காரியத்துக்கு மொய் எழுதும் வழக்கம் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பெயரும் ஊரும் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன. மொய் நோட்டு அநேகமாகச் சித்தப்பாவிடம் இருக்கும். அதைப் படியெடுத்து, பிரதியில் சொந்தக்காரர்களை அடித்துவிடுங்கள். மிஞ்சுகிறவர்களை ஊர்வாரியாகப் பிரியுங்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், தாழங்குடா, முதுநகர், பண்ருட்டி என்று பிரிக்கப் பிரிக்க, அவர் காலடி எங்கெல்லாம் பட்டது என்பது தெரிந்துவிடும். தொகையைப் பார்க்க வேண்டாம். இருபது ரூபாய் எழுதியவரிடம்தான் பெரிய கதை இருக்கும் என்பது என் அனுபவம்.

சித்தப்பா இதை ஏற்க மாட்டார், ஆனாலும் சொல்கிறேன்: நினைவு நாளில் மலரை வெளியிட வேண்டாம். அன்றைக்கு மலருக்கு வேண்டியதைச் சேருங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் இன்னொரு முறை உங்கள் வீட்டுப் படியேற மாட்டார்கள். மைக் சத்தம் எட்டாத அறையில், கேட்கத் தெரிந்த ஒரு தம்பியையோ தங்கையையோ உட்கார வையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பேசுகிறவரின் சம்மதத்தையும் பெயர், ஊரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவைத் தொடங்கலாம். மின்விசிறிச் சத்தம் கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. பதிவில் பாதிப் பேச்சை அது விழுங்கிவிடும். இரவே கோப்புகளை வேறு இரண்டு இடங்களில் பிரதியெடுத்து வையுங்கள். மலரை ஆறு மாதம் கழித்துக்கூட வெளியிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "தங்கமான மனுஷர்" என்றுதான் பதில் வரும், நீங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். முதலில் எங்கே பார்த்தீர்கள், எதில் வந்தார், என்ன உடுத்தியிருந்தார், வந்ததும் என்ன சொன்னார், சாப்பிட்டாரா, எப்போது கிளம்பினார் என்று கேளுங்கள். அவரோடு எப்போதாவது சண்டை போட்டதுண்டா என்றும் கேளுங்கள். மனு எழுதித் தருகிற மனிதர் யாரையும் திட்டாமல் இருந்திருக்க முடியாது. "ரேஷன் கார்டை மடிக்காதே என்று எத்தனை முறை சொல்வது" என்று அவர் கத்தியதை ஒரு மூதாட்டி நடித்துக் காட்டினால், அதுவே ஒரு பக்கம்.

மீனவக் குப்பங்களுக்குப் போவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னிக்கொண்டே பேச ஆட்கள் இருப்பார்கள். எடுத்தவுடன் சுனாமியைக் கேட்டுவிடாதீர்கள். கடலூர் மாவட்டத்தில் அன்று 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீங்கள் பேசுகிறவரின் பிள்ளை அதில் ஒன்றாக இருக்கலாம். டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் பால் ஊற்றிப் பூத்தூவுவார்கள். அன்று போகத் தோன்றினால் போய் நில்லுங்கள். ரெக்கார்டர் வீட்டில் இருக்கட்டும்.

தேதிகளில் கவனம் வேண்டும். நம் கடற்கரை மக்கள் வருடத்தைச் சொல்ல மாட்டார்கள். "தானேக்கு முன்னால்", "சுனாமி வீடு கட்டிக் கொடுத்தபோது" என்பார்கள். அதையே அளவாக வைத்துக்கொண்டு நாட்களைப் பொருத்திப் பார்க்கலாம். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. "அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்ட பிள்ளைகளின் நினைவு முதல் நாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்துக் கேட்டால் சரியாக வரும். 2015-இலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்னையில் உங்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வருட வெள்ளம் என்றால் டிசம்பர் முதல் வாரம். கடலூர்க்காரர்களுக்கு அது நவம்பர் 9. எழுதும்போது தேதியைப் போட்டுவிடுங்கள்.

தானே புயலைப் பற்றி வரும் கதைகளைக் கொஞ்சம் சலித்தே எடுக்க வேண்டியிருக்கும். 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அது கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. ஓய்வு பெற்ற லைன்மேனுக்கு அப்போது 70 வயது. "அந்த வயதில் கம்பம் ஏறினார்" என்று ஒருவராவது சொல்வார். உடனே எழுதிவிடாமல் அவரோடு வேலை பார்த்த ஒருவரிடம் விசாரியுங்கள். எனக்கென்னவோ, எந்த வரி எந்தத் தோப்புக்குள் போகிறது, எந்த டிரான்ஸ்பார்மர் எந்தத் தெருவுக்கு என்று வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஊழியர்களுக்கு அவர் வழிகாட்டியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. கம்பம் ஏற ஆட்கள் இருந்திருப்பார்கள். மண்டைக்குள் வரைபடம் வைத்திருந்தவர் எத்தனை பேர்?

இனி நோட்டு. அதை அச்சிடக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதில் பெயர் உள்ளவர்கள் உங்கள் தாத்தாவிடம் மட்டும்தான் தங்கள் நிலைமையைச் சொன்னார்கள். ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே "மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி, 500" என்று மட்டும் இருந்தாலும், அந்தத் தெருவில் வாழ்பவர்கள் அதை வைத்து முழுக்கதையும் கட்டிவிடுவார்கள். அந்தப் பெண்ணின் மகளுக்கு இப்போது வரன் பார்த்துக்கொண்டிருக்கலாம். பள்ளிக் கட்டணத்துக்குக் கைநீட்டிய பையன் இன்று ஓர் அலுவலகத்தில் மேலதிகாரியாக இருக்கலாம். அவன் மனைவிக்குக்கூட இது தெரியாமல் இருக்கலாம். ஆதாரம் வேண்டும் என்று சித்தப்பா நினைப்பது புரிகிறது. ஆனால் தாத்தா அத்தனை ஆண்டுகள் அந்த நோட்டை வீட்டில் யாரிடமும் காட்டவில்லை என்பதை உங்கள் கடிதத்தை வைத்தே சொல்ல முடிகிறது. காட்டியிருந்தால் வந்து அழுதவர்கள் உங்களுக்கு முகம் தெரியாதவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

நோட்டால் பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. உட்கார்ந்து எண்ணுங்கள். மருந்துக்கு எத்தனை முறை, பள்ளிக்கு எத்தனை, ஈமச்சடங்குக்கு எத்தனை, பஸ் கட்டணத்துக்கு எத்தனை என்று கணக்கெடுத்துப் பெயரில்லாமல் எழுதுங்கள். அது எந்தப் பட்டத்தைவிடவும் அவரைக் காட்டும். கையெழுத்தைக் காட்ட ஆசையிருந்தால் பெயரில்லாத ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மறைக்க வேண்டியதை ஜெராக்ஸ் பிரதியில் மறையுங்கள். அசலின் மேல் கறுப்பு மை படவே கூடாது. யாராவது தாமாக முன்வந்து "என் பெயரைப் போடுங்கள்" என்றால், அச்சுக்குப் போகும் முன் அவர் பகுதியை அவருக்குப் படித்துக்காட்டி, அன்றும் சம்மதமா என்று கேட்டுப் போடலாம். சில தொகைகளுக்கு எதிரே திரும்பி வந்ததற்கான டிக் இருக்காது. அதை வைத்து வீட்டில் யாரும் வேடிக்கையாகக்கூட எதையும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஊருக்குள் பரவ அரை நாள் போதும்.

அடுத்து அப்பா. உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன், மலரின் நடுப்பகுதி அவர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அன்றைய நிலவரத்தை நினைத்துப் பாருங்கள். நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் வீடுகளையும் ஆட்களையும் அடித்துக்கொண்டு போனது. 74 வயதில் அங்கே போய் நின்றவரைப் பார்த்தவர்கள், கடவுளே வந்த மாதிரி இருந்தது என்று சொல்லக்கூடும். அதே நேரத்தில் திருப்பாதிரிப்புலியூரில் உங்கள் அப்பா இடுப்பளவுத் தண்ணீரிலோ முழங்காலளவுத் தண்ணீரிலோ ஆயாவை மேடான இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். பண்ருட்டிக்காரர்களுக்குக் கிடைத்த அந்த மூன்று நாட்களுக்கு விலை கொடுத்தவர் அவர். அவரை யாரும் செம்மல் என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. லைன்மேன் வீட்டில் புயல் என்றாலே அப்பா வெளியே இருப்பார். அது உத்தியோகம், போகாமல் இருக்க முடியாது. உங்கள் அப்பா சிறுவனாக இருந்தபோது ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையும் அப்படித்தான் கழிந்திருக்கும். 1999-க்குப் பிறகு இனி வீட்டில் இருப்பார் என்று எதிர்பார்த்திருப்பார். யாரும் உத்தரவு போடாமலே அவர் மறுபடியும் கிளம்பிப் போனார். அப்பாவின் வருத்தம் 2015-இல் தொடங்கியது இல்லை என்பது என் ஊகம். தவறாக இருந்தால் அவரே திருத்துவார், திருத்தும் சாக்கில் பேசுவார்.

ஆகவே மலருக்காக என்று அவரிடம் போகாதீர்கள். சமாதானம் செய்து வைக்கும் எண்ணத்தோடும் போக வேண்டாம். தாத்தா வேலையில் இருந்த காலத்தைக் கேளுங்கள். சாப்பாடு யார் கொண்டுபோனது, கம்பத்தில் ஏறும்போது இடுப்பில் என்ன கட்டுவார், எந்தத் தெருவில் ஷாக் அடித்தது, மழை இரவில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். பேசப் பேச 2015 தானாக வரலாம். வராமலும் போகலாம். வந்தால், அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, அவர் சம்மதத்தோடு போடுங்கள். "ஆனாலும் பின்னாளில் தந்தையின் பெருமையை உணர்ந்தார்" என்று நீங்களாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிடாதீர்கள், அது அவர் உணராததாக இருந்தால் இரட்டை அவமானம். 2015 நவம்பர் 9, 10, 11 என்று தேதியிட்டு, இடப்பக்கம் பண்ருட்டியில் பார்த்தவர் சொன்னது, வலப்பக்கம் வீட்டில் இருந்தவர் சொன்னது. விளக்கம் வேண்டாம். அப்பா மறுத்துவிட்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள். உங்களுக்கு அது எவ்வளவு முக்கியமாகப் பட்டாலும் அது அவருடையது.

ஆயாவை ஏன் கடைசியில் வைத்தேன் என்று நினைப்பீர்கள். வரிசையில் கடைசி, வேலையில் முதல். அவரிடம் நாளைக்கே தொடங்கலாம். எதிரே உட்கார்ந்து பேட்டி எடுத்தால் "எனக்கென்ன தெரியும்" என்றுதான் சொல்வார். முருங்கைக்கீரை ஆயும்போதோ பூக் கட்டும்போதோ பக்கத்தில் உட்காருங்கள், போனில் பதிவாகிறது என்று சொல்லிவிட்டே உட்காருங்கள். தாத்தாவைப் பற்றிக் கேட்பதைவிட வீட்டைப் பற்றிக் கேளுங்கள். பென்ஷனில் எவ்வளவு வீட்டுக்கு வரும்? சுனாமி சமயத்தில் எத்தனை பேருக்குச் சமைத்தார், அரிசி எங்கிருந்து வந்தது? எப்போதாவது நகை அடகுக்குப் போனதா, மீட்டார்களா? நடுராத்திரி அழைப்பு வந்தால் சட்டையைத் தேடிக் கொடுத்தது யார்? நோட்டில் உள்ள தொகைகளில் ஒரு பகுதி ஆயாவின் அஞ்சறைப்பெட்டியிலிருந்து போயிருக்கும். அதற்கு நோட்டில் வரவு இருக்காது.

அவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை கரை புரண்டபோது தாத்தாவுக்கு 83 வயது. உங்கள் பட்டியலில் அந்த வெள்ளம் இல்லை, போக முடிந்திருக்காது. போக முடியாத அந்த இரண்டு மூன்று நாட்கள் வீட்டில் என்ன செய்தார்? போனிலேயே இருந்தாரா, எரிந்து விழுந்தாரா, வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாரா? போன இடங்களைப் பற்றி நூறு பேர் சொல்வார்கள். இதை ஆயா ஒருவர்தான் பார்த்திருப்பார்.

படங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வெள்ளம் புகுந்த வீடு என்பதால் சொல்கிறேன். ஒட்டிக்கொண்ட பழைய புகைப்படங்களை நகத்தால் பிரிக்காதீர்கள், இருக்கிற நிலையில் முதலில் ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ போதும். பாதுகாப்பு என்று நினைத்து லேமினேஷன் செய்துவிட வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். படத்தில் இருப்பவர் யார் என்பதை ஆயாவிடம் கேட்டு, பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். எல்லாவற்றையும் தரைத்தட்டில் வைக்காமல் பீரோவின் மேல்தட்டுக்கு மாற்றுங்கள். தாத்தாவுக்கு வந்த நன்றிக் கடிதங்கள் இருந்தால், தாள் உங்களுடையது என்றாலும் அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதியவருடையது. கேட்காமல் அச்சிட வேண்டாம்.

உங்கள் பங்காக ஒரு பக்கம் எழுதுங்கள், போதும். மாலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்த தாத்தாவை எழுத உங்களைவிட்டால் வேறு ஆள் இல்லை. அங்கே 'மாமனிதர்' வந்தால் அடித்துவிட்டு, அன்று கையில் என்ன வைத்திருந்தார் என்று எழுதுங்கள்.

தலைப்பு விஷயத்தில் சித்தப்பாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். அட்டையும் அச்சகமும் அவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டால், உள்ளே இருக்கும் பக்கங்களில் அவர் கைவைப்பது குறையும். முதலில் நூறு பிரதி அடியுங்கள், பிழைகளைச் சொல்ல ஆட்கள் வருவார்கள், திருத்திய பிறகு மீதியை அடிக்கலாம். இரண்டு பிரதிகளைக் கடலூர் மாவட்ட மைய நூலகத்துக்குக் கொடுங்கள். ஒலிப்பதிவுகளின் பிரதி ஒன்றை, பேசியவர்களின் பெயர், ஊர், தேதி எழுதிய பட்டியலோடு உங்கள் அப்பாவிடம் கொடுத்து வையுங்கள். கேட்கச் சொல்ல வேண்டாம்.